பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு குசினி

ஞாயிறு இதழ்களின் மகளிர் பக்கங்களில் தவறாது தலைகாட்டும் கட்டுரை ஒன்றுண்டு. சிறிய சமையலறையைப் பெரிதாக்கும் வழிகள் என்பது அதன் பொருள். சுவரில் இறாக்கை அடியுங்கள், கதவின் உட்புறத்தில் கொளுக்கி பொருத்துங்கள், பாத்திரங்களை ஒன்றினுள் ஒன்றாக அடுக்குங்கள், வெளிர்நிறம் பூசுங்கள், அறை அகன்று தோன்றும். பெரும்பாலும் மேல்நாட்டு இதழொன்றின் மொழிபெயர்ப்பாக இருக்கும். கொழும்பு மாடிக் குடியிருப்புகளில் வாழ்வோர் படித்துப் பயன்பெறட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதே இதழ் மாத்தளையிலிருந்து பஸ் ஏறி ரத்தோட்டைக்கும் எல்கடுவைக்கும் போகிறது. இந்த நாட்டின் மிகச் சிறிய சமையலறைகள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றைப் பற்றி இப்பக்கங்களில் ஒரு வரி இருப்பதில்லை.

லயக் காம்பிரா என்றால் என்ன என்பதை மலையகத்துக்கு வெளியே உள்ள வாசகருக்குச் சொல்லியாக வேண்டும். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட அறைகள். பொதுவாக ஓர் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. அந்த இஸ்தோப்பின் ஒரு பகுதியைத் தகரத்தாலோ பலகையாலோ மறைத்துக் குசினியாக்கிக்கொள்வது வழக்கம். அதற்கும் வழியற்ற வீட்டில் அடுப்பும் படுக்கையும் ஒரே அறைக்குள். புகைபோக்கி என்ற ஒன்றைப் பழைய லயங்களில் பெரும்பாலும் காண முடியாது. கோப்பிக் காலத்தில் தனி ஆள்கள் தங்கிப் போவதற்கென எழுந்த அமைப்பு இது. அதற்குள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன.

இடத்தை மிச்சம் பிடிக்கும் கலையை அங்குள்ள பெண்ணுக்கு எவர் கற்பிப்பது? அடுப்புக்கு மேலே பரண். அதில் நாளைக்கு வேண்டிய ஈர விறகு, இன்றைய புகையிலேயே காய்கிறது. உப்பும் புளியும் அடுப்பின் வெப்பம் எட்டும் தூரத்தில், கசியாதபடி. கோதுமை மா, எலி எட்டாத தகரப் பேணியில். தீராந்தியில் தொங்கும் சாக்குக்குள் பிள்ளைகளின் உடுப்பு. விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளையைக் கிளப்பி, பிரட்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேருபவள் அவள். ஒரு பாத்திரம் இடம் மாறி இருந்தால் அரைநாட் பேர் போகக்கூடும். ஒழுங்குபடுத்தல் குறித்து அவளுக்கு உபதேசம் செய்ய முற்படுவது நகைப்புக்குரியது.

அவளுக்கு இல்லாதது யோசனை அன்று, சுவர். இறாக்கை அடிக்கச் சொல்லும் அந்தச் சுவர் தோட்டத்துடையது, அதன் மறுபக்கம் அடுத்த வீட்டுக்காரரின் அறை. இஸ்தோப்பை நான்கடி நீட்டித் தனியே ஒரு குசினி இறக்கினால், நிர்வாகத்தின் அனுமதியில்லாவிடின் அது சட்டவிரோதக் கட்டடம்.

இது மிகையல்ல. 1823ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டு மலையகத் தமிழரின் 200 ஆண்டுகள் நினைவுகூரப்பட்ட 2023இல், அவர்தம் முன்னோர் காடு வழியே வந்த பாதையில் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டு ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை வந்தடைந்தது. உரைகள் நிகழ்ந்தன, உருக்கமாகவே நிகழ்ந்தன. அதே ஆகஸ்ட் மாதத்தில், இதே மாத்தளையில், ரத்வத்தைத் தோட்டத்தில், இடம் போதாமல் எழுப்பிய தற்காலிகக் குடியிருப்பைத் தோட்ட அதிகாரி ஒருவர் உடைத்தெறியும் காட்சி நாடெங்கும் காணொளியாகப் பரவியது. அத்தோட்டம் எல்கடுவைப் பெருந்தோட்ட நிறுவனத்தைச் சேர்ந்தது. அந்நிறுவனமோ அரசுக்குச் சொந்தமானது. தனியார் கம்பனிகளின் மேல் பழிபோட்டுவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள இங்கே வழியில்லை.

சிறுமையே குற்றம் என்று நான் வாதிடவில்லை. 1926இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்கென மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த சமையலறை ஏறத்தாழ 1.9 மீற்றருக்கு 3.4 மீற்றர், அதாவது சுமார் 70 சதுர அடி. இன்றைய இதழ்கள் கூறும் யோசனைகள் பலவற்றுக்கு அதுவே தாய். அரிசிக்கும் பருப்புக்கும் பெயர் பொறித்த அலுமினியச் சிற்றிழுப்பறைகள், புழு அண்டாதிருக்க ஓக் மரத்தாலான மாப்பெட்டி, சுவரில் மடியும் இஸ்திரிப் பலகை. சமைப்பவள் எத்தனை அடி நடக்கிறாள் என்று கணக்கிட்டு அமைத்தார்கள். அத்தகைய சமையலறைகள் சுமார் 10,000 நிறுவப்பட்டன. ஒரு மாநகரசபை தன் செலவில், சமைப்பவளின் வசதியை எண்ணிச் சிறிதாக்கிய அறை அது. படுக்கவும் உண்ணவும் வேறு அறைகள் இருந்தன. நமது லயமும் சிறிதாகவே கட்டப்பட்டது, துரைமாரின் செலவு குறைவதற்காக.

புதிய வீடுகள்தான் வருகின்றனவே என்பார்கள். வரட்டும். இந்திய உதவியுடன் 7 பேர்ச் காணியில் எழும் 550 சதுர அடி வீட்டில் தனியான சமையலறை இருக்கிறது, அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் அத்திட்டத்தில் பத்தாயிரம் வீடுகள் மேலதிகமாக அறிவிக்கப்பட்டது 2017 மே மாதம், நோர்வூட்டில். அறிவிப்புக்கும் அத்திவாரத்துக்கும் இடையே பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமும் முடித்துவிடுகிறார்கள். நுவரெலியாவின் வாக்குப் பலமில்லாத மாத்தளைத் தோட்டங்கள் வரிசையில் எங்கே நிற்கும் என்பதை அரசியல் அறிந்தவர் ஊகிக்கலாம்.

அதுவரை ஒன்று செய்யலாம், அதற்குப் பெருநிதி தேவையில்லை. ஒவ்வொரு காம்பிராவின் பின்புறமும் எட்டடிக்கு எட்டடி குசினியும் ஒரு புகைபோக்கியும் கட்டிக்கொள்ளப் பொதுவான எழுத்துமூல அனுமதியை, அரசு முதலில் தன் சொந்தத் தோட்டங்களில் வழங்கட்டும். கல்லும் தகரமும் அந்த மக்களே தேடிக்கொள்வார்கள். உடைக்க எவரும் வரமாட்டார் என்ற கடிதம் கையில் இருந்தால் போதும், இறாக்கையை எங்கே அடிப்பது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.