நிறத்திமிரும் வாக்குரிமையும்

மனிதர் யாவரும் சமமென்று 1776-ல் பிரகடனம் செய்த தேசம் அமெரிக்கா. ஆயினும் அந்நாட்டுச் சரித்திரத்தைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகாமற் போகாது. கறுப்பு மக்கள் ஓரடி முன்னேறும்போதெல்லாம் அவர்களைப் பின்னுக்குத் தள்ள ஒரு கூட்டம் கிளம்பியே தீருகிறது. அக்கூட்டம் தடியேந்தி வருவதினும் சட்டப் புஸ்தகத்தை ஏந்தி வருவதே அதிக அபாயகரமானது.

நிறத்தைக் காட்டி எவருக்கும் வாக்குரிமையை மறுக்கலாகாதென்று 1870-ல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. பிறகு நடந்ததென்ன? 1890-ல் மிஸ்ஸிஸிப்பி ராஜ்யம் வழிகாட்டிற்று. வாக்காளர் தலைவரி செலுத்த வேண்டும். அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை வாசிக்கவோ விளக்கவோ வேண்டும். சட்டத்தில் கறுப்பர் என்ற சொல்லே இல்லை! ஆனால் பரீட்சித்தவர்கள் வெள்ளையர். இதே வழியைப் பின்பற்றிய லூயிஸியானாவில், 1896-ல் 1,30,000-க்கு மேற்பட்டிருந்த கறுப்பு வாக்காளர் 1904-ல் சுமார் 1,300 பேராகக் குறைந்தனர்.

1965 மார்ச்சில் ஸெல்மா நகரில் வாக்குரிமை கோரி அமைதியாக நடந்தவர்களைப் போலீஸார் தடியால் அடித்தனர். ஜான் லூயிஸ் என்ற இளைஞரின் மண்டை உடைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் பிறந்தது. பாரபட்சத்திற்குப் பேர்போன பிரதேசங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய சர்க்காரின் அல்லது வாஷிங்டன் நீதிமன்றத்தின் அனுமதி பெறவேண்டுமென்பது அதன் உயிர்நாடி.

2008-ல் ஒபாமா ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிறபேதம் ஒழிந்ததென்று பலர் மகிழ்ந்தனர். ஐந்தாண்டு செல்லுமுன், 2013 ஜூனில், சுப்ரீம் கோர்ட்டார் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அவ்வேற்பாட்டைச் செயலற்றதாக்கினர். நிலைமை மாறிவிட்டதாம்! நனையவில்லையென்று கொட்டும் மழையில் குடையை எறிவதற்கு இதை ஒப்பிட்டார், மாறுபட்ட தீர்ப்பளித்த நீதிபதி கின்ஸ்பர்க். அன்றைய தினமே டெக்ஸஸ் ராஜ்யம், அதுகாறும் தடுக்கப்பட்டிருந்த அடையாளச் சீட்டுச் சட்டத்தை அமல் செய்வதாக அறிவித்தது.

எல்லோரிடமும் ஒரே சீட்டைக் கேட்பதில் குற்றமென்ன என்பர் சிலர். துப்பாக்கி லைசென்ஸை ஏற்று, மாணவரின் அடையாளச் சீட்டை மறுத்தது அச்சட்டம். 1890-ன் விதியும் எல்லோருக்கும் பொதுவென்றே எழுதப்பட்டிருந்தது என்பதை இவர்கள் மறக்கலாகாது. சட்டத்தின் சொல்லை மட்டும் பார்த்தாற் போதாது. அது யாரை வாசலில் நிறுத்துகிறது என்பதையே பார்க்க வேண்டும்.

பழைய பாதுகாப்பை மீட்க, ஜான் லூயிஸின் பெயரால் ஒரு மசோதா 2021-ல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிற்று. செனட் சபை அதை முடக்கியது. 1965-ல் ரத்தஞ் சிந்திப் பெற்ற உரிமை அசட்டையால் அழியலாகாது. குடையை மீண்டும் விரிப்பது அமெரிக்கக் காங்கிரஸின் கடமை.