அடவும் திருவடியும்

கூத்துப் பயில்வார் ஆடத் தொடங்குமுன் கழுத்து, இடை, முழங்கால் முதலிய உறுப்புக்களை நெகிழ்த்தி, அரைமண்டியில் நின்று, தட்டடவால் நிலத்தை மிதித்துப் பழகுவர். இம்முன்பயிற்சியைக் குறித்து இக்காலத்தில் இருவேறு கொள்கைகள் உலவுகின்றன. ஒரு சாரார், "நிலத்திற் காலூன்றிய அளவில் மனம் அடங்குகின்றது, அவ்வடக்கமே ஆன்மநெறி, அதற்குக் கடவுள் வேண்டா" என்பர். சைவருள்ளேயே சிலர், "இஃது உடற்பயிற்சி மாத்திரையே, சமயத்திற்கும் இதற்கும் இயைபில்லை" என்பர். இரண்டும் பிழையாதல் சித்தாந்தம் உணர்ந்தார்க்கு இனிது விளங்கும்.

முன்னவர் கூற்று முதற்கண் ஆராயற்பாலது. நிலம் 36 தத்துவங்களுள் இறுதியில் வைத்து எண்ணப்படுவது, சடம். மனமும் மாயையின் காரியமேயாம். சடம் சடத்தைச் சார்ந்து பெறும் அமைதி ஆணவத்தை நீக்க வல்லதன்று. களைத்த உடல் உறக்கத்திற் பெறும் அமைதி போல்வதே அது.

போடிநாயக்கனூரை நோக்குக. வைகறையில் அவ்வூரினின்று புறப்பட்டுப் போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏலமலைத் தோட்டங்களுக்குச் செல்லும் மகளிர் பலர். மரநிழலில் வளரும் ஏலச்செடிகளின் இடையே, சரிவான நிலத்தில், பகல் முழுதும் காலூன்றி நின்று காய் பறிப்பவர் அவர். காலூன்றுதல் ஒன்றே வீடு பயக்குமாயின் அவர் அனைவரும் பிறவி கடந்திருத்தல் வேண்டும். அங்ஙனம் கூறுவார் ஒருவருமிலர். அவ்வூர்ப் பரமசிவன் மலைக்கோயிற் படி ஏறுவார்க்கும் கால் அதுவே, மலைநிலமும் அதுவே. ஏற்றம் ஒன்றாயினும் பயன் வேறாவது, கருதிய பொருள் வேறாதலினன்றோ? காய் பறிக்க ஏறுவாரும் சிவனை நினைந்து ஏறின், அவ்வேற்றமும் வழிபாடேயாம்.

இனிப் பின்னவர் கூற்று. சரியையாவது உடலாற் செய்யும் தொண்டு. மாலை தொடுத்தல் தொண்டாயின், அம்மலருக்காக நந்தவனத்திற் பாத்தி வெட்டுதலும் தொண்டேயாம். அங்ஙனமே, திருமுன் ஆடுதல் தொண்டாயின், அதற்கென முழங்காலைப் பதப்படுத்தலும் அத்தொண்டின் தொடக்கமேயாம். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளை அமர்த்தினமை அக்கோயிற் கல்வெட்டாற் புலனாம். அதன் மேனிலையில் 81 கரணங்கள் செதுக்கப்பட்டுள்ளன. சிதம்பரத்துக் கோபுர வாயில்களில் 108 கரணங்கள் விளங்குகின்றன. சமயத்திற்கு இயைபில்லாதவற்றையோ முன்னோர் கோயிற் கல்லிற் பொறித்து வைத்தனர்?

சதிர் எனப்பட்ட இக்கலைக்குப் பரதநாட்டியம் என்னும் பெயர் 1930களில் நிலைபெறலாயிற்று. 1947இல் சென்னை மாகாணச் சட்டம் பெண்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்தது. அம்மகளிரை இழிவினின்றும் காத்தல் அறமே. ஆயினும் ஆடல் கோயிலை நீங்கி அரங்கிற் குடிபுகுந்தது. கோயிலை இழந்த ஆடல், இப்பொழுது கோயிற்றலைவனையும் இழத்தல் தகுமோ?

தட்டிக்கும்பிடுதல் என்னும் வழக்கை இரு சாராரும் எண்ணுவாராக. ஆடுவார், மிதித்த பிழையைப் பொறுத்தருள வேண்டி, நிலத்தைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்வர். பொறுத்தல் அறிவுடைப் பொருளின் செயல். சடமாகிய மண் பொறுக்குமாறு யாங்ஙனம்? மண்ணை உடையானே பொறுப்பவன். ஆகவே அவ்வணக்கம் அவனையே சென்று சேரும்.

மனவாசகங் கடந்தார் அருளிய உண்மை விளக்கம், கூத்தப்பிரானது ஊன்றிய திருவடியில் திரோதானத்தையும், எடுத்த திருவடியில் வீடளிக்கும் அருளையும் வைத்துணர்த்தும். ஊன்றிய அடி உயிரை உலகத்தோடு பொருத்தி மலத்தைப் பக்குவப்படுத்தும். அதுவும் கருணையே, எனினும் முடிவன்று. நிலத்திற் காலூன்றி அமைதியுற்று அவ்வளவில் நின்றுவிடுவார், மறைத்தலையே அருளெனக் கொண்டு மயங்கினவராவர். ஊன்றாது எடுக்க விழைவார் நிலைதவறி வீழ்வர். முன்னவர் ஊன்றலோடு நின்றனர். பின்னவர் ஊன்றலை இகழ்ந்தனர்.

ஆதலின், போடியிலாயினும் பிற ஊர்களிலாயினும் கூத்துப் பயிற்றும் ஆசிரியர், மாணாக்கர்க்கு முதலடவு தொடங்குமுன் ஐந்தெழுத்தை உள்ளத்தில் ஊன்றுவாராக. நிலத்தில் ஒரு கால் பதியும்போதெல்லாம், அருள்செய எடுத்த திருவடியை நெஞ்சம் நோக்குக. அங்ஙனம் நோக்கும் பயிற்சி சரியையாம். நோக்காதது வெறும் கால்வருத்தமேயாம்.

திருச்சிற்றம்பலம்.