புல்லட்டை உதைக்காதீர்கள்

போன மாதம் எங்கள் நண்பன் ஒருவனுக்குக் கணுக்காலில் மாவுக்கட்டு. பந்தாட்டத்தில் விழுந்தானா, மாடிப்படியில் சறுக்கினானா என்றால் இல்லை. நின்றுகொண்டிருந்த வண்டி அவனை அடித்துவிட்டது. சீனியர் ஒருவரின் பழைய புல்லட், ஒரு டீ பந்தயம், "ஆம்பளையா இருந்தா ஒரே உதையில ஸ்டார்ட் பண்ணு பாப்போம்" என்று ஒரு சவால். காலில் ரப்பர் செருப்பு. பையன் எம்பிக் குதித்தான், கிக்கர் பாதி வழியில் நின்று அதே வேகத்தில் மேலே திரும்பி வந்தது. அவ்வளவுதான்.

அதற்கப்புறம் எல்லோரும் சொன்ன வசனம் ஒன்றுதான்: "புல்லட்டுக்குத் தெம்பு வேணும்டா, இவனுக்கு அது இல்ல." எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். தெம்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் வீட்டுப் பக்கத்து மெக்கானிக் அண்ணன் ஐம்பது கிலோ கூடத் தேறமாட்டார். வாயில் வெற்றிலையோடு, பேச்சை நிறுத்தாமல், ஒரு மிதி. டுப் டுப் டுப்.

அவரிடம் நின்று பார்த்துத்தான் விஷயம் புரிந்தது. பழைய 350 புல்லட்டில் 70 மி.மீ. விட்டமுள்ள ஒரே ஒரு பிஸ்டன் 90 மி.மீ. தூரம் மேலும் கீழும் ஓடுகிறது. மொத்தம் 346 சிசி. 500 என்றால் ஓட்டம் அதே 90தான், விட்டம் மட்டும் 84. இவ்வளவு பெரிய அறையில் அடைபட்ட காற்றை ஒரே மூச்சில் அழுத்தித் தாண்ட வேண்டியது உங்கள் கால். இதில் இன்னொரு சிக்கல், பிளக்கில் பொறி விழுவது பிஸ்டன் உச்சிக்குப் போய்ச் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் பிஸ்டன் உச்சியைத் தாண்டியபின் வெடிப்பின் அழுத்தம் முழுதாக வந்து அதைக் கீழே தள்ளும். நல்லது. அரை மனசாக மிதித்துப் பிஸ்டன் மெதுவாக ஏறினால், உச்சிக்கு முன்பே வெடிப்பு அதை வந்த வழியே திருப்பி அனுப்பும். அப்போது கிக்கர் பல்லில் மாட்டியிருக்கிறது, மேலே உங்கள் கால் இருக்கிறது. நண்பனின் கதை இதுதான். பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல், கம்ப்ரஷனுக்கு நடுவில் ஏறிக் குதித்தான்.

அண்ணன் செய்வது இதற்கு நேர் எதிர். முதலில் நியூட்ரலா என்று வண்டியை முன்னும் பின்னும் உருட்டிப் பார்ப்பார். கியரில் இருந்தால் வண்டி பாய்ந்துவிடும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்து மொத்த எடையையும் அதன்மேல் போடமாட்டார், சென்டர் ஸ்டாண்டுதான். பிறகு இடது ஹேண்டில்பாரில் இருக்கும் சின்ன லீவர், அதாவது டிகம்ப்ரசர். அதைப் பிடித்தால் அடைபட்ட காற்று வெளியேறிவிடும், பிஸ்டன் சாதுவாகிவிடும். சாவியைப் போட்டு, லீவரைப் பிடித்தபடி கிக்கரை மெல்ல அழுத்துகிறார். கண் முழுக்க ஹெட்லைட் மேலிருக்கும் ஆம்பியர் மீட்டரில். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். இன்னும் ஒரு துளி அழுத்தினால் பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிடுகிறது. லீவரை விட்டு, கிக்கரையும் மேலே வரவிட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், முழங்காலை லேசாக மடக்கியபடி உடம்பின் எடையை அப்படியே அடிவரை இறக்குகிறார். மிதிதான், உதை இல்லை. அடுத்த கம்ப்ரஷனுக்கு முன்னால் எஞ்சினுக்கு ஏறக்குறைய இரண்டு சுற்று ஓட இடம் கிடைத்துவிடுகிறது. ரகசியமே இதுதான். பேட்டரி செத்திருந்தால் முள் அசையாது. அப்போது சாவியை அணைத்துவிட்டு, காலில் இறுகும் இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

பத்து மிதிக்கும் வரவில்லை என்றால் நம் ஆட்களுக்கு ரோஷம் வந்துவிடும். அண்ணனுக்கு வராது. பெட்ரோல் நிரம்பிவிட்டது என்று சொல்லி, சாவியை அணைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறந்து, டிகம்ப்ரசரைப் பிடித்தபடி நாலைந்து முறை காற்றை மட்டும் ஊதவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். களைத்த கால்தான் பாதியில் நிற்கும், பாதியில் நின்ற கால்தான் அடி வாங்கும்.

இதெல்லாம் ஒருகாலத்தில் வீட்டிலேயே ஒட்டிக்கொண்ட பாடம். 1955ல் திருவொற்றியூரில் தொடங்கிய கம்பெனியின் வண்டி, அப்பா சித்தப்பா ஓட்டியது, பையன் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தே கற்றான். இப்போது 2020ல் வந்த மீட்டியோருக்குக் கிக்கரே கிடையாது, 2021ல் மாறிய கிளாசிக்குக்கும் கிடையாது, பட்டனை அமுக்கினால் போதும். அதனால் பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டை ஆசைப்பட்டு வாங்குகிற என் வயதுக்காரர்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. விற்கிறவர் ஆர்.சி. புக்கைத் தருகிறார், சாவியைத் தருகிறார், பத்து நிமிடம் நின்று கிக்கரைச் சொல்லித் தருவதில்லை. அந்த இடத்தை மீசை வசனங்கள் பிடித்துக்கொள்கின்றன.

"அட, அந்த ரிஸ்க்தானே புல்லட்டோட கெத்து" என்பார்கள். யமஹாக்காரன் தன் எஸ்.ஆர். 500லும் கிக்கரைத்தான் வைத்தான். கூடவே டிகம்ப்ரசரையும், பிஸ்டன் சரியான இடத்துக்கு வந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்க எஞ்சின் தலையில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னலையும் வைத்தான். அந்த வண்டிக்குக் கெத்து ஒன்றும் குறைந்துவிடவில்லையே? ரிஸ்க்கைக் குறைக்கத்தான் நம் புல்லட்டிலும் அந்த லீவர் தொங்குகிறது. பல வண்டிகளில் அதன் கேபிளே அறுந்து கிடக்கிறது, யாரும் மாற்றுவதில்லை. மாற்ற அதிகம் செலவாகாது.

இன்னொன்று: எல்லாம் சரியாகச் செய்தும் வண்டி அடிக்கடி திருப்பி அடித்தால் தப்பு உங்கள் காலில் இல்லை. டைமிங் முன்னால் போயிருக்கும், அல்லது அதைத் தானாகச் சரிசெய்யும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். மெக்கானிக்கிடம் காட்டும்வரை மிதிக்காதீர்கள், ஷூ போட்டிருந்தாலும்.

நண்பனுக்கு அடுத்த வாரம் கட்டுப் பிரிக்கிறார்கள். பிரித்ததும் மறுபடி ஏறுவானாம். ஏறட்டும். அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் அண்ணன் கடையில், சாவி இல்லாமல், ஷூவோடு, இறுகும் இடத்தைக் காலால் தேடிப் பழக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பந்தயம் கட்டிய சீனியரையும் கூப்பிட்டிருக்கிறேன். அவருடைய வண்டியில் அந்தக் கேபிள் இல்லை.