அனுபல்லவி வெறும் ஒட்டு அல்ல

மேற்கத்தியப் பாட்டில் பிரிட்ஜ் செய்கிற வேலையைத்தான் கீர்த்தனையில் அனுபல்லவி செய்கிறது, பல்லவியிலிருந்து சரணத்துக்குக் கொண்டுபோய் விடும் இரண்டு வரி, நேரமில்லை என்றால் விட்டுவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இது தவறு. சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் மேல் தியாகராஜர் பாடிய ‘வரதராஜ நின்னு கோரி’ என்ற ஸ்வரபூஷணி ராகக் கீர்த்தனை ஒன்றே இதை மறுக்கப் போதும்.

சரணத்துக்கு அழைத்துப் போகிறதாம். பாடிப் பாருங்கள். ‘வரதராஜனே, உன்னை நாடி வந்தேன்’ என்பது பல்லவி. தேவரும் முனிவரும் அந்தணரும் சுற்றிச் சுற்றி வந்து சேவிப்பதைச் சொல்கிறது அனுபல்லவி. ஆனால் அந்த வரி முடிவதில்லை. ‘சேவிக்கின்ற’ என்று எச்சமாக நிற்கிறது. யாரை? திரும்பப் பல்லவியை எடுத்து வரதராஜனை விளித்தால்தான் வாக்கியம் நிறைகிறது. சரணமும் அப்படித்தான். இந்த மலை வைகுண்டமாம், விண்மீன்கள் நடுவே சந்திரனாய் ஒளிர்வாயாம் என்று கேள்விப்பட்டதை அடுக்கி, ‘கருட சேவையைக் காண’ என்று நிறுத்துகிறார். ‘வந்தேன்’ பல்லவியில் இருக்கிறது. வைகாசி பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் விடியலில் கருட வாகனப் புறப்பாட்டுக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் அந்தச் ‘சுற்றிச் சுற்றி’யை அலங்காரம் என்று தள்ளமாட்டார்கள்.

பிரிட்ஜ் போலத்தானே என்கிறார்கள். 1965-இல் பீட்டில்ஸ் பாடிய ‘யெஸ்டர்டே’யில் ஒரே மெட்டு இரண்டு முறை வந்து காதுக்குப் பழகிய பிறகுதான் பிரிட்ஜ் வருகிறது, மெட்டை மாற்றி, பழைய மெட்டுக்கு ஏங்க வைக்கிறது. அனுபல்லவி பல்லவிக்கு அடுத்ததாகவே வந்து, பெரும்பாலும் மேல் ஷட்ஜத்தை எட்டி ராகத்தின் உயரத்தைத் திறக்கிறது. தியாகராஜரின் பல கீர்த்தனைகளில் சரணத்தின் பிற்பகுதி அனுபல்லவியின் மெட்டிலேயே அமைகிறது. அனுபல்லவியை வெட்டினால் சரணத்தில் அந்த மெட்டு திரும்பி வருகிற சுகமும் போய்விடும்.

விட்டுவிடலாமா? காமாட்சி மேல் அவர் பாடிய மத்யமாவதி ‘விநாயகுனி’யில் அம்மனின் பெயர் பல்லவியில் இல்லை, அனுபல்லவியில்தான் வருகிறது. இரண்டின் தொடக்கச் சொற்களிலும் இரண்டாம் எழுத்து ‘நா’. எதுகை கட்டி இணைத்திருக்கிறார்.

முத்துசுவாமி தீட்சிதரின் சமஷ்டி சரணக் கிருதிகளில் அனுபல்லவியே இல்லையே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அங்கே அனுபல்லவியின் வேலையையும் ஒரே சரணத்துக்குள் அவரே அமைத்துவிட்டார். இயற்றியவர் சேர்த்துக் கட்டுவது வேறு, பாடுபவர் வெட்டுவது வேறு.

பாட்டு சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நேரம் குறைவென்றால் சங்கதிகளைக் குறையுங்கள், ஸ்வரத்தை விடுங்கள். அனுபல்லவியில் கை வைக்காதீர்கள்.