சந்தும் இணக்கமும்: வட அயர்லாந்தில் அமைதிக் கல்வி குறித்த ஒரு மறுப்பு

முன்னுரை

போர் ஓய்ந்த நிலத்திற்குச் சென்று அமைதியைப் பாடமாகக் கற்கும் வழக்கம் உலகெங்கும் வளர்ந்துள்ளது. அவ்வாறு செல்வோர் நாடும் இடங்களுள் வட அயர்லாந்தும் ஒன்று. அல்ஸ்டர் பல்கலைக்கழகம் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்துடன் இணைந்து 1993இல் நிறுவிய இன்கோர் ஆய்வு மையமும், பெல்ஃபாஸ்ட் நகரக் குயின்ஸ் பல்கலைக்கழகமும் பன்னாட்டு மாணவரை ஈர்த்து வந்துள்ளன. 1960களின் இறுதி தொடங்கி முப்பது ஆண்டுகள் நீடித்து, ஏறத்தாழ 3,500 உயிர்களைப் பறித்த மோதல், 1998 ஏப்ரல் 10ஆம் நாள் எட்டப்பெற்ற பெரிய வெள்ளி உடன்படிக்கையால் தணிந்தது. இதனைக் கொண்டு, வட அயர்லாந்து நல்லிணக்கத்தை எய்திவிட்டது என்றும், அதன் முறையைப் பிற நிலங்களுக்கு எடுத்துச் செல்லலாம் என்றும் ஒரு சாரார் கூறுவர். இக்கூற்று ஏற்கத்தக்கதன்று.

சந்து வேறு, இணக்கம் வேறு

பகைவர் இருவரிடையே நின்று போரை நிறுத்த முயல்வதைத் தமிழ் மரபு சந்து செய்தல் என வழங்கும். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்து நின்றபோது கோவூர் கிழார் செய்தது அதுவே (புறம். 45). சந்து ஆள்வோரிடையே நிகழ்வது. இணக்கம் ஊராரிடையே விளைவது. முன்னது ஒரு நாளில் முடியலாம். பின்னதற்குத் தலைமுறைகள் வேண்டும். நார்வே நாட்டறிஞர் யோஹான் கால்டுங் 1960களில் எதிர்மறை அமைதி, நேர்மறை அமைதி எனப் பகுத்துரைத்தமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

1998இல் வட அயர்லாந்தில் நிகழ்ந்தது சந்து. அது சிறிய செயலன்று. அவ்வாண்டு மே மாத வாக்கெடுப்பில் வாக்களித்தோருள் 71 விழுக்காட்டினர் அதனை ஏற்றனர். கொலைகள் பெரிதும் குறைந்தன. இதனை மறுப்பாரில்லை. சந்து செய்ததையே இணக்கம் எனக் காட்டும் கல்விமுறைதான் இங்கு மறுக்கப்படுகிறது.

மதிலும் பள்ளியும்

பெல்ஃபாஸ்டில் கத்தோலிக்கர் குடியிருப்புகளையும் புராட்டஸ்டண்டினர் குடியிருப்புகளையும் பிரிக்கும் 'அமைதி மதில்கள்' 1969இல் தற்காலிக ஏற்பாடாக எழுந்தன. அவை யாவும் 2023க்குள் நீக்கப்படும் என வட அயர்லாந்து அரசு 2013இல் உறுதியளித்தது. அவ்வாண்டு கடந்தும் மதில்கள் நிற்கின்றன. சுற்றுலாப் பயணியர் அவற்றில் பெயரெழுதிச் செல்கின்றனர். அருகில் வாழ்வோரோ அவை இல்லாவிடில் என்னாகுமோ என அஞ்சுகின்றனர்.

இரு சமயச் சிறாரும் ஒருங்கே பயிலத் திட்டமிட்டு நிறுவப்பெற்ற முதற்பள்ளியான லேகன் கல்லூரி 1981இல் 28 மாணவருடன் தொடங்கியது. இன்றும் அத்தகைய பள்ளிகளில் பயில்வோர் பத்தில் ஒரு பங்கினர்கூட இல்லை. உள்ளூர்ச் சிறாருள் மிகப்பலர் தனித்தனிப் பள்ளிகளில் பயிலும் ஊரில், அயல்நாட்டு மாணவர் ஒரே வகுப்பில் அமர்ந்து நல்லிணக்கம் கற்கின்றனர். இம்முரணைப் பாடத்தின் மையமாகக் கொள்ளாத கல்வி எதனைக் கற்பிக்கிறது?

உண்மையும் சட்டமும்

1972 சனவரி 30ஆம் நாள் டெரி நகரில் பிரித்தானியப் படையினர் சுட்டதில் 13 பேர் மாண்டனர். காயமுற்ற மற்றொருவர் பின்னர் இறந்தார். அவ்வாண்டே வெளிவந்த விட்ஜரி அறிக்கை படையினரைப் பெரிதும் காத்தது. 1998இல் அமைக்கப்பெற்ற சவில் விசாரணையின் அறிக்கை, அச்சூடு நியாயமற்றது என்று உரைக்க 2010ஆம் ஆண்டு ஆயிற்று. 38 ஆண்டுகள் காத்திருந்த குடும்பங்களுக்கு உண்மையே இணக்கத்தின் முதற்படியாய் இருந்தது.

இதற்கு நேர்மாறானது 2023இல் பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். 'நல்லிணக்கம்' என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய அச்சட்டம், புதிய வழக்குகளுக்குத் தடை விதித்துக் குற்றமிழைத்தோர்க்கு நிபந்தனையுடன் தண்டனை விலக்களிக்க முற்பட்டது. பாதிக்கப்பட்டோர் அமைப்புகளும் வட அயர்லாந்தின் முதன்மைக் கட்சிகளும் அதனை எதிர்த்தன. அவ்விலக்கு மனித உரிமை உடன்படிக்கைக்கு முரணானது என 2024 பிப்ரவரியில் பெல்ஃபாஸ்ட் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதியின் வாயிலை அடைப்பதற்கும் நல்லிணக்கம் என்று பெயரிடலாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மொழி

அயர்லாந்து மொழிக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்னும் கோரிக்கை, 2017 முதல் 2020 வரை வட அயர்லாந்துச் சட்டமன்றம் செயலற்றுக் கிடந்த காலத்தில் கட்சிகளிடையே பெருந்தடையாய் நின்றது. 2022ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் அம்மொழி அதிகார ஏற்புப் பெற்றது. ஒரே நகரை டெரி என்பார் ஒரு சாரார்; லண்டன்டெரி என்பார் மறு சாரார். பெயரைச் சொன்ன அளவிலேயே பேசுவோரின் சார்பு புலனாகிவிடுகிறது. இவ்வாறிருந்தும், அங்குச் செல்லும் மாணவருள் பலர் ஆங்கிலம் ஒன்றே போதும் எனக் கருதுகின்றனர். மொழிப் பூசலை மொழியறியாது ஆராய்தல் மேற்போக்கான ஆய்வாகவே முடியும்.

முடிவுரை

அயல்நிலம் சென்று அமைதி கற்றல் வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. கற்கவேண்டுவன யாவை என்பதே வினா. உடன்படிக்கையின் விதிகளோடு மதிலோரத் தெருவையும், பேச்சுவார்த்தை நடத்தியோர் உரைகளோடு சவில் அறிக்கையையும், ஆங்கிலத்தோடு அயர்லாந்து மொழியையும் கற்பவரே அந்நிலத்தை அறிந்தவராவர். முற்றுப்பெற்ற முன்மாதிரியாக வட அயர்லாந்தைத் தம் நாட்டிற்குக் கொண்டுவருவோர், அந்நில மக்கள் இன்னும் வினவிக்கொண்டிருக்கும் வினாக்களைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு விடையை மட்டும் சுமந்து வருகின்றனர். வினா இல்லாத விடை எந்நிலத்திற்கும் பயன்படாது.