குடிநீரைத் தீர்மானிப்பது யார்?

இரவு ஷிப்டு முடித்து வரும் மில் தொழிலாளி குடத்தோடு குழாயடியில் நிற்கிறார். நடவுக்குப் போக வேண்டிய விவசாயத் தொழிலாளிப் பெண், தண்ணீருக்குக் காத்திருந்து கூலியை இழக்கிறாள். யாரைக் கேட்பது? பஞ்சாயத்தைக் கேட்டால் பணமில்லை என்கிறது. சர்க்காரைக் கேட்டால் அது பஞ்சாயத்தின் வேலை என்கிறது!

அதிகாரத்தைக் கிராமத்துக்கே கொண்டுவந்துவிட்டோம் என்று ஆள்வோர் பெருமை பேசுகிறார்கள். 1992-ல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம், குடிநீர், சுகாதாரம் உட்பட 29 இனங்களைப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று பட்டியல் போட்டது. ஆனால், மாநிலச் சட்டசபை அதிகாரம் "வழங்கலாம்" என்றுதான் சொன்னதே தவிர, வழங்கியே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. பொறுப்பு பஞ்சாயத்தின் தலையில். பணப்பெட்டியின் சாவி கோட்டையில்!

தேர்தலாவது ஒழுங்காக நடந்ததா? 5 ஆண்டு முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் ஸ்தல ஸ்தாபனங்களின் பதவிக்காலம் முடிந்தது. பெரும்பாலான கிராமங்களில் 2019 டிசம்பர் வரை தேர்தல் இல்லை. நகரங்களிலோ 2022 பிப்ரவரி வரை இல்லை. தனி அதிகாரிகளே ஆண்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இல்லையென்று காட்டி மத்திய சர்க்கார் மானியத்தை நிறுத்தி வைத்தது. தண்டனை யாருக்கு? தேர்தலைத் தள்ளிப்போட்டவர்களுக்கு அல்ல, குழாயடியில் நின்றவர்களுக்கு!

மில் நகரமான கோவையில் நடந்ததைப் பாருங்கள். 2018-ல், தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர் ஒருவர்கூட இல்லாத வேளையில், நகரின் குடிநீர் விநியோகம் 26 ஆண்டு ஒப்பந்தத்தில் அந்நியக் கம்பெனியிடம் போயிற்று. வரி கட்டும் மக்களின் பிரதிநிதி ஒருவர்கூட அதற்குக் கை தூக்கவில்லை. இதுவா ஜனநாயகம்?

இதில் பாடம் கற்றார்களா? இல்லை. 2025 ஜனவரியில் பெரும்பாலான ஜில்லாக்களில் கிராமப் பஞ்சாயத்துகளின் பதவிக்காலம் முடிந்தபோதும் தனி அதிகாரிகளையே நியமித்தார்கள்.

மனமிருந்தால் வழியுண்டு. 1996-ல் கேரளத்தின் இடதுசாரி சர்க்கார், மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதத்தை ஸ்தல ஸ்தாபனங்களுக்கு ஒதுக்க முடிவு செய்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நாம் கோருவது இதுதான்: உரிய காலத்தில் தேர்தல் நடத்து! வேலையோடு பணத்தையும் கொடு! சபையைக் கேளாமல் தண்ணீரைக் கம்பெனிக்குத் தாரை வார்க்காதே! தண்ணீர்த் தொட்டி இயக்குவோரையும் துப்புரவுத் தொழிலாளரையும் நிரந்தரமாக்கு!

தேர்தல் மட்டும் போதாது என்பதையும் நாம் அறிவோம். பஞ்சாயத்து பணக்காரர் கைக்குப் போனால் அவர் தெருவுக்குத்தான் முதல் குழாய். சேரிக்குக் கடைசிக் குழாய், அதுவும் காற்றை மட்டுமே கக்கும். ஆகவே, தோழர்களே, கிராம சபைக்குக் கூட்டமாகப் போவோம். மே தினத்திலும் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்திலும் கூடுகிறது. வரவு செலவுக் கணக்கைக் கேட்போம். எந்தத் தெருவுக்கு எத்தனை குழாய் என்று எழுதி வாங்குவோம். கேட்பவர் பலரானால், மறுக்கத் துணிபவர் யார்?