ஒரே வகுப்பு, வேறு வேறு படிகள்

2024 டிசம்பரில் நடுவண் அரசு கல்வி உரிமைச் சட்ட விதிகளைத் திருத்தியது. ஐந்தாம், எட்டாம் வகுப்புத் தேர்வுகளில் தவறும் மாணவருக்கு இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு; அதிலும் தவறினால் அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு. தமிழக அரசோ, எட்டாம் வகுப்பு வரை அனைவருக்கும் தேர்ச்சி என்னும் நடைமுறையே தொடரும் என்று அறிவித்தது. நிறுத்தி வைப்பதா, அனுப்பி வைப்பதா என்று நாமும் விவாதித்தோம். அந்த இரைச்சலில் ஒரு கேள்வி காணாமல் போனது: அந்த ஆண்டு முழுவதும் அக்குழந்தைக்கு வகுப்பறையில் என்ன கிடைத்தது?

நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஆசிரியர் ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதுகிறார். சிலர் நொடியில் முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். சிலர் ஒன்றும் புரியாமல் பார்த்து எழுதுகிறார்கள். இருவருமே அன்று எதையும் கற்கவில்லை. எல்லாருக்கும் ஒரே வேலை கொடுப்பது சமத்துவம் போலத் தோன்றுகிறது. உண்மையில் அது சமத்துவம்தானா?

1934இல் மறைந்த ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி இதற்கு வழி காட்டினார். தானாகச் செய்யக்கூடியதற்கும், உதவி இருந்தும் செய்ய முடியாததற்கும் இடையே, பிறர் துணையோடு செய்யக்கூடிய ஒரு பகுதி ஒவ்வொரு குழந்தைக்கும் உண்டு. கற்றல் அங்கேதான் நிகழ்கிறது. எனவே சவால் என்பது நிற்கும் படிக்கு அடுத்த படியாக இருக்க வேண்டும்.

தமிழகத்திற்கு இது புதிதல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், கற்றல் ஏணியையும் அட்டைகளையும் கொண்டு ஒவ்வொரு பிள்ளையையும் அதனதன் வேகத்தில் ஏற விட்டது. கொரோனாக் கால இடைவெளியை ஈடுசெய்ய 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளில் வைத்துக் கற்பித்தது.

இதைச் செய்யப் பெரிய கருவிகள் தேவையில்லை. 24 பழங்களை நான்கு பேருக்குப் பங்கிட வேண்டும் என்போம். ஒரு பிள்ளை புளியங்கொட்டைகளை வைத்துப் பிரித்துப் பார்க்கட்டும். இன்னொரு பிள்ளை வகுத்தல் கணக்காக எழுதட்டும். மூன்றாவது பிள்ளை, 24ஐ மீதியின்றி இன்னும் எத்தனை பேருக்குப் பங்கிடலாம் என்று கண்டுபிடிக்கட்டும். பாடம் ஒன்றுதான், படிகள் மூன்று.

ஆனால் ஓர் ஆபத்து உண்டு. பிறப்பை வைத்து மனிதரைத் தட்டு தட்டாகப் பிரித்துப் பழகிய சமூகம் நம்முடையது. அரும்பு என்பது ஒரு நிலை. அது 'மக்கு' என்பதன் மறுபெயராகிவிட்டால் ஏணியே சிறையாகிவிடும். வாசிப்பில் தடுமாறும் பிள்ளை கணக்கில் முந்தலாம். ஆகவே நிலைகளை அடிக்கடி சோதித்து மாற்ற வேண்டும். நாற்பது பேரை ஒருவரே பார்க்கும் ஆசிரியருக்கு இது எளிதன்று. அவர்மீது பழி போடுவதும் நியாயமன்று. போதிய ஆசிரியர்களைக் கேட்பது நமது கடமை.

நம் பங்குகளின் மாலை வகுப்புகளிலும் இதைத் தொடங்கலாம். வீட்டில், "எத்தனையாவது ரேங்க்?" என்பதற்குப் பதிலாக, "நேற்றுத் தெரியாதது எது இன்று தெரிந்தது?" என்று கேட்டுப் பார்ப்போம். எந்தப் பிள்ளையிடம் இதுவரை இதைக் கேட்காமல் இருந்தோம்? இன்று மாலை அந்தப் பிள்ளையின் அருகில் அமர்வோமா?